கோட்டு மாறிய நாடகம்: ஒரு பிழைதிருத்தம்

அந்த நாடகத்தைப் பற்றி என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு குறிப்பு அட்டைகள் இருந்தன. அவரிடம் நாடகமே இருந்தது, தொடக்கம் முதல் முடிவு வரை, மனப்பாடமாக. எங்கள் இருவருக்கும் இடையில் ஒஸ்லோவில் நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

2002 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. முதியோர் இல்லச் சமையலறையில் என் வேலை மூன்று மணிக்கு முடிந்தது. வீட்டுக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டு, அடுத்தது வரும்வரை ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு பெட்டிக்குள் மெல்லிய நாடகப் புத்தகங்கள் கிடந்தன. ஒஸ்லோவுக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர் இருந்த காலத்தவை. ஒன்றை எடுத்துப் புரட்டினேன். இரண்டு கனவான்கள் ரயில் நிலையத்தில் தொப்பியை மாற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொருவர் தொப்பியின் உட்துணியிலும் மற்றவருக்குரிய காதல் கடிதம். இருவரும் ஒரே பிற்பகலில் ஒரே வாடகை வீட்டில் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்காரிக்கு ஊரார் கடிதங்களை வாசிக்கும் பழக்கம்.

கடையில் நின்றபடியே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இந்த நாடகத்தை நான் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில், பதின்மூன்று வயதில், பக்கத்துக் கல்லூரியின் பரிசளிப்பு விழாவில், தமிழில். அங்கே தொப்பி இல்லை, குடை. குடையை விரித்ததும் கடிதம் விழும். அந்தக் கட்டத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பாதிரியார் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சாய்ந்தது நினைவிருந்தது. ஆனால் அது எந்த ஊர் நாடகம், யார் எழுதியது என்று அன்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தேடத் தொடங்கினேன். மூலம் ஆங்கிலம். விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில், பெரிய நாடகம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போக மனமில்லாத சனத்துக்காக முப்பது நாற்பது நிமிடத்துக்குச் சிரிக்க வைக்கும் ஒரு பகிடி நாடகம் போடுவார்கள். ஓர் அங்கம், ஓர் அறை, ஒரு கதவு, ஒளிந்துகொள்ள ஓர் அலுமாரி. அப்படி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கானவற்றில் இதுவும் ஒன்று. மூலத்தில் மாறிப்போவது மேற்கோட்டு. கிறிஸ்தியானியாவில் அது மயிர்த்தொப்பியானது. யாழ்ப்பாணத்தில் மேற்கோட்டுக்கு எங்கே போவது? குடையானது. ஒரே பகிடி, ஒவ்வொரு ஊரின் காலநிலைக்கும் ஏற்பப் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டு நடந்திருக்கிறது.

இந்த நாடகப் புத்தகங்களில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அவற்றில் ஆண்டு போடமாட்டார்கள். பழைய சரக்கென்று தெரிந்தால் விற்காது என்பதற்காக இருக்கலாம். ஆகவே ஆண்டை வேறு வழிகளில் பிடிக்கவேண்டும். பதிப்பாளர் அடிக்கடி கடையை மாற்றியிருப்பார். அட்டையில் உள்ள தெருப் பெயரைக் கொண்டு இன்ன காலத்துக்கு முன், இன்ன காலத்துக்குப் பின் என்று சொல்லலாம். பின்னட்டையில் அந்த வரிசையில் வெளிவந்த மற்ற நாடகங்களின் பட்டியல் இருக்கும். அதில் கடைசியாக உள்ளது எது என்று பார்க்கலாம். உள்ளே முதல் மேடையேற்றத்தின் நடிகர் பெயர்கள் இருக்கும். ஆனால் அதை வைத்து அச்சிட்ட ஆண்டைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கத்தை ஒவ்வொரு பதிப்பிலும் அப்படியே திருப்பி அடிப்பார்கள்.

இவற்றையெல்லாம் நான் மூன்று குளிர்காலங்களில் கற்றுக்கொண்டேன். வேலை முடிந்ததும் பெரிய நூலகத்தின் வாசிப்பறைக்குப் போவேன். கிறிஸ்தியானியாப் பத்திரிகைகளின் படச்சுருள்களைச் சுற்றிச் சுற்றி நாடக விளம்பரங்களைத் தேடுவேன். லண்டனில் ஒரு நூலகத்துக்கு எழுதி மூலத்தின் பிரதியைப் பெற்றேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய நண்பன் அந்தப் பரிசளிப்பு விழாவின் துண்டுப் பிரசுரத்தைத் தேடிப் பிரதி எடுத்து அனுப்பினான். அதில் திகதி இருந்தது. நேரம் இருந்தது. நடிகர் பெயர்கள் இருந்தன. மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கவில்லை. “தமிழாக்கம்: எமது ஆசிரியர் ஒருவர்” என்று மட்டும் இருந்தது.

ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி அட்டைகளுக்குப் போயிருந்தது. மனைவி ஒருநாள் சோற்றுக்கோப்பையோடு நின்றபடி கேட்டா: “இஞ்சேருங்கோ, அந்த நாடகம் எவ்வளவு நேரம்?”

“முப்பத்தைஞ்சு நிமிசம்.”

“மூண்டு வருசமாப் பாக்கிறியள். இன்னும் முடியேல்லையே?”

2005 மாசியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கான முதல் கூட்டம் நடந்தது. ஒரு மலர் வெளியிடுவது, ஒரு நாடகம் போடுவது என்று தீர்மானித்தார்கள். மலரின் ஆசிரியை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கும் ஒருவர். என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். “அண்ணை, நீங்கள் அந்த நாடகத்தின்ரை வரலாற்றை எழுதுங்கோ. எட்டுப் பக்கம் தாறன்” என்றார். என் வாழ்க்கையில் ஒருவர் எனக்கு எட்டுப் பக்கம் தருவதாகச் சொன்னது அதுவே முதல் தடவை. எழுந்து நின்று நாடகத்தின் கதையைச் சுருக்கமாக விளக்கினேன். லண்டன், கிறிஸ்தியானியா, யாழ்ப்பாணம். பதினைந்து பேர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் குடையைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. “ஐயோ, ஆரடா என்ரை வீட்டுக்குள்ளை ஈரக் குடையை விரிச்சது? உவங்கள் குடைக்குள்ளை மழையையும் மடிச்செல்லோ கொண்டு வாறாங்கள்!”

பெண்குரல் அல்ல. ஓர் ஆண். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். அந்த நாடகத்தின் வீட்டுக்காரி பேசும் வசனத்தைத்தான் அவர் சொன்னார். நிறுத்தவில்லை. வீட்டுக்காரியாகவும் முதல் கனவானாகவும் இரண்டாம் கனவானாகவும் மாறி மாறிக் கதைத்தார். அலுமாரிக்குள்ளிருந்து வரும் தும்மலைக்கூட இரண்டு விதமாகத் தும்மிக் காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பக்கத்தில் என் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. மூன்று வருடமாக அந்த நாடகம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது சிரிப்பு நாடகம் என்பது அவவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன். யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தவராம். நான் பார்த்த அதே மேடையேற்றத்துக்குச் சில ஆண்டுகள் பிந்தி, அதே கல்லூரியில், அவரே வீட்டுக்காரியாக நடித்தாராம்.

“எந்த ஆண்டு?” என்றேன்.

“ஆண்டோ? மீசை முளைக்கத் தொடங்கினது. வழிச்சுப்போட்டு நடிக்கச் சொன்னவை.”

“பிறகு எங்கையும் போட்டனீரோ?”

“ஓம் அண்ணை. ஹம்மர்பெஸ்டிலை. வந்த புதுசிலை அங்கை மீன் பக்டரியிலை வேலை செய்தனான். சாப்பாட்டு அறையிலை ஒரு நத்தாருக்குப் போட்டம். நோர்வேச் சனமும் பாத்துச் சிரிச்சதுகள், ஒரு சொல்லும் விளங்காமல்.”

ஹம்மர்பெஸ்ட், நோர்வேயின் வடகோடி ஊர். என் அட்டைகளில் இல்லாத ஒரு கிறிஸ்மஸ் மேடையேற்றம். “எந்த வருசத்து நத்தார்?”

அவர் யோசித்தார். “நல்ல பனி அண்ணை.”

“அங்கை நத்தாருக்கு எப்பவும் பனிதானே.”

“அதுதான்,” என்றார், ஏதோ என்னோடு ஒத்துப்போவதுபோல.

அப்போது மலர் ஆசிரியையும் வந்து சேர்ந்தார். ஆசிரியை அவரிடம் கேட்டார், தமிழாக்கம் யாருடையது என்று தெரியுமா என்று. “என்ரை பெரியப்பா,” என்றார் மன்னார்க்காரர், தேத்தண்ணிக் கோப்பையை ஊதியபடி. “அங்கை இங்கிலீஷ் படிப்பிச்சவர். கலியாணம் கட்டேல்லை. பிரச்சினைக் காலத்திலை செத்துப்போனார். அவர் எழுதினதிலை இது ஒண்டுதான் மிஞ்சினது. அவரின்ரை பேர் ஒரு இடத்திலையும் அச்சிலை வந்ததில்லை. மலரிலை வந்தால் அம்மாவுக்கு அனுப்பலாம். அம்மாவின்ரை மூத்த அக்காவைக் கட்டுறதாய் இருந்தவராம் முதல்லை, அது வேறை கதை.”

“அப்ப பேரைப் போடுவம்,” என்றார் ஆசிரியை உடனே.

நான் தலையிட்டேன். “சான்று ஏதும் இருக்கோ?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கேட்டது சரியான கேள்வி. இன்று கேட்டாலும் அதையே கேட்பேன். ஆனால் அன்று நான் அதைக் கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை. மூன்று குளிர்காலம் தேடியும் எனக்குக் கிடைக்காத பெயரை, ஒருவர் தேத்தண்ணி ஊதிக்கொண்டே சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சாப்பாட்டுக் கடைப் பிளாஸ்டிக் பையை மேசையில், என் அட்டைகளுக்கு மேலேயே, வைத்தார். உள்ளே அந்த நாடகத்தின் ஆங்கிலப் புத்தகம். மஞ்சள் அட்டை. பக்கங்களின் ஓரத்திலும் வரிகளுக்கு நடுவிலும் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழ். பெரியப்பா மொழிபெயர்க்கும்போது பாவித்த புத்தகமாம். அம்மா யாரோ நோர்வேக்கு வந்தவரிடம் மிளகாய்த்தூளோடு கொடுத்து அனுப்பினாவாம். தூள் மணம் இன்னும் இருந்தது.

லண்டன் நூலகம்கூட எனக்குப் பிரதியைத்தான் அனுப்பியது. இது அசல். அதைப் பிளாஸ்டிக் பையில் கொண்டு திரிகிறார்.

“வைச்சிருந்து பாருங்கோ அண்ணை. அவசரமில்லை,” என்றார். பிறகு என் மனைவியோடு அரை மணி நேரம் கதைத்தார். பஸ்ஸில் நடந்த கதைகள். சமையலறைக்குள்ளிருந்து மனைவியின் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நான் முன்னறையில் தனியாக, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு, அவருடைய பெரியப்பாவைப் பொய்யாக்க ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அதை அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். சரிபார்க்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிடைத்தது. அட்டையில் பதிப்பாளரின் முகவரி இருந்தது, அவர்கள் பிந்திய காலத்தில் மாறிப்போன கட்டடத்தின் முகவரி. என்னிடமிருந்த குறிப்புகளின்படி அவர்கள் அங்கே போனது, நான் பார்த்த யாழ்ப்பாண மேடையேற்றத்துக்குப் பிறகு. அதாவது இந்தப் புத்தகம் அச்சாவதற்கு முன்பே தமிழ் நாடகம் மேடையேறிவிட்டது. அப்படியென்றால் இதில் உள்ள பென்சில் எழுத்து மொழிபெயர்ப்பு அல்ல. யாரோ ஏற்கெனவே செய்த மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதிய பிரதி.

பங்குனியில் நடந்த இரண்டாவது கூட்டத்தில் இதைச் சொன்னேன். அட்டைகளை வரிசையாக வைத்து, தெருப் பெயர்களைச் சொல்லி, முடிவைச் சொன்னேன். ஒருவருக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. மன்னார்க்காரர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப பெரியப்பா எழுதேல்லையோ?”

“எழுதியிருக்க ஏலாது தம்பி. திகதி இடிக்குது.”

“ம்,” என்றார். பிறகு சிரித்தார். “பரவாயில்லை. அந்தாளின்ரை கையெழுத்தாவது நல்ல வடிவு.” எல்லாரும் சிரித்தார்கள். தோற்ற பின்பும் சிரிப்பு அவருக்குத்தான் கிடைத்தது.

என் கட்டுரை எட்டுப் பக்கமும் எழுதி முடிந்தது. தமிழாக்கம் பற்றிய பந்தியில், “மொழிபெயர்ப்பாளர் இன்னாரென்று அறியப்படவில்லை” என்று எழுதினேன். மலரை அச்சிடுவது சென்னையில். சித்திரை நடுப்பகுதியில் ஆசிரியை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார்.

விழாவில் அதே நாடகத்தைப் போடுவதென்று முடிவாகியிருந்தது; ஒத்திகைகள் மன்னார்க்காரரின் பொறுப்பில் நடந்தன. வரலாற்றுக் குறிப்புகளுக்காக நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். முதல் காட்சியிலேயே குடையைக் காணவில்லை. இரண்டு கனவான்களும் கறுப்புக் குளிர்ச் சட்டைகளோடு வந்தார்கள்.

“குடை எங்கை?”

“இஞ்சை ஆர் அண்ணை குடையோடை திரியிறது? எங்கடை விழாக்களுக்குப் போனால் வாசல்லை முந்நூறு கறுப்பு ஜக்கெற் ஒரே மாதிரித் தொங்குது. போன தைப்பொங்கலுக்கு நான் வேறை ஒராளின்ரையைப் போட்டுக்கொண்டு வீட்டை போட்டன். பொக்கற்றுக்குள்ளை ஒரு சோடிப் பல்லு!”

லண்டன் மூலத்தில் மாறியது மேற்கோட்டு. பையில்தான் கடிதம். அந்த மூலத்தை இவர் வாசித்ததே இல்லை. அவருக்குக் குடை மட்டும்தான் தெரியும். ஒஸ்லோவின் வாசல் கொளுக்கியைப் பார்த்துவிட்டு, நூற்றைம்பது ஆண்டுத் தூரத்தை ஒரே எட்டில் தாண்டி நேரே மூலத்தில் போய் நின்றுவிட்டார். நான் மூன்று வருடம் சுற்றி வந்த இடம். எனக்கு அப்போது ஏற்பட்டது மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். வரலாற்றுக்காரனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒத்திகை முடிந்து ஜக்கெற்றைப் போட்டபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணை, அம்மாட்டைச் சொல்லிப்போட்டன். பெரியப்பா எழுதேல்லையாம் எண்டு.”

“என்ன சொன்னவ?”

“‘படிச்ச ஆக்கள் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ எண்டா. போனை வைச்சிட்டா.” தன் ஜக்கெற்றின் சிப்பை இழுத்து மூடினார். “மேடையிலை அறிவிக்கேக்கை என்ன சொல்லட்டும்? எழுதினவர் ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லட்டோ?”

“சொல்லும்,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு மாதமாக என்னிடமே இருந்தது. நல்ல கடதாசியில் சுற்றிக் கொடுக்கலாம் என்று எடுத்து, மேசையில் விரித்து, மடிப்பை நேராக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். நடுப்பக்கத்தில் நூல் போகும் துளைகள் மூன்று. மேலட்டையின் முதுகிலோ ஆறு. மூன்று துளைகளின் ஊடாக நூல் போயிருந்தது. மற்ற மூன்றும் வெறுமையாக, சற்றுத் தள்ளி.

வேறொரு புத்தகத்தில் தைத்திருந்த அட்டையைக் கழற்றி இதற்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வரிசைப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் அட்டை ஒரே மாதிரி. நாடகத்தின் பெயர் உள்ளேதான் இருக்கும். உள்ளே பெயர்ப் பக்கத்தைத் திருப்பினேன். அடிப்பகுதி, முகவரி இருக்கவேண்டிய இடம், கிழிந்து போயிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி வைத்தால் மட்டும் தெரியும் எழுத்தில், அச்சகத்தின் பெயரும் ஊரும். அது என் குறிப்பு அட்டைகளில் உள்ள மிகப் பழைய பதிப்புக்குரியது. பெரியப்பா பிறப்பதற்கும் முந்தியது. பென்சில் எழுத்துகளை மறுபடி பார்த்தேன். ஒரு சொல்லை எழுதி, வெட்டி, வேறொன்று எழுதி, அதையும் வெட்டி. “மேற்கோட்டு” என்று எழுதி வெட்டி, “சால்வை” என்று எழுதி வெட்டி, பிறகு “குடை”. பார்த்து எழுதுகிறவன் இப்படி வெட்டமாட்டான். முதல் தடவையும் இது என் கண்ணில் பட்டிருக்கவேண்டும். நான் பார்க்க விரும்பவில்லை.

பதினொரு நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தவிர ஒஸ்லோவில் வேறு யாருக்கும் இது தெரிய வழியில்லை. அவர் துளைகளை எண்ணப்போவதில்லை. முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே விடயம் மனதில் வந்தது. இனி யாராவது இந்த நாடகத்தைப் பற்றி எழுதினால் என் கட்டுரையைத்தான் பார்ப்பார்கள். “அறியப்படவில்லை” என்பதைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். உண்மையைச் சொல்வதென்றால், என் பெயரில் ஒரு பிழை நிலைத்துவிடும் என்பதே முதலில் என்னை அரித்தது. அவருக்கும் அவருடைய தாய்க்கும் நான் செய்தது இரண்டாவதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

மலர் ஆசிரியைக்குப் போன் செய்தேன். “ஐயோ அண்ணை, பெட்டியள் விமானத்திலை ஏறிட்டுது,” என்றார்.

“அப்ப நான் ஒரு துண்டு அடிச்சு வைக்கிறன்.”

“ஒரு பேருக்காகவோ? ஆர் பாக்கப் போயினம்? அடுத்த மலரிலை போடுவம்.”

“இல்லை. இதிலைதான் இருக்கவேணும்.”

துண்டை எழுத எனக்கு எட்டுப் பக்கக் கட்டுரையைவிட அதிக நேரம் எடுத்தது. கடைசியில் மூன்று வசனங்களாக நின்றது. நாற்பத்தோராம் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அறியப்படவில்லை என்றிருப்பது பிழை. தமிழாக்கம் செய்தவர் இன்னார் (இந்த இடத்தில் அவருடைய முழுப் பெயர், ஊர், கற்பித்த பாடம்). இப்பிழை கட்டுரையாளருடையது. வீட்டு அச்சுப்பொறியில் அடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினேன். மனைவி பார்த்துக்கொண்டே போனா.

விழா வைகாசியில், புரூன் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், சனிக்கிழமை பிற்பகல் நடந்தது. நான் இரண்டு மணிக்கே போய், வகுப்பறை ஒன்றில் மலர்ப் பெட்டிகளை உடைத்து, ஒவ்வொரு மலரின் நாற்பத்தோராம் பக்கத்திலும் துண்டை வைக்கத் தொடங்கினேன். இருநூறைத் தாண்டியிருப்பேன், கதவு திறந்தது. வீட்டுக்காரி. ஊதாச் சேலை, கொண்டை, முகம் முழுக்கப் பவுடரோடு மன்னார்க்காரர்.

“இதுக்குள்ளை ஒளிச்சிருந்து என்ன செய்யிறியள்? தாங்கோ, நானும் வைக்கிறன்.” எதிரில் சின்னக் கதிரையில் இருந்து, கட்டொன்றை இழுத்து வைக்கத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு வைத்த பிறகுதான் துண்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

அவர் வாசித்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். இரண்டு தடவை வாசித்தார். பவுடருக்கு மேல் கண்ணீர் இறங்கினால் கோடு விழும் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடிப் பிடிச்சனீங்கள்?” என்றார்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மூன்று துளைகளையும் ஆறு துளைகளையும் காட்டினேன். “மேலட்டை வேறை புத்தகத்தின்ரை. ஆரோ மாத்தித் தச்சிருக்கினம்.”

“ஆரோவோ? நான்தான் தச்சனான்.”

நான் மறுபடி முதுகுத் தையலைப் பார்த்தேன்.

“லீவுக்குப் பெரியப்பா வீட்டை போனால் ஊசியும் நூலும் தந்து இருத்திப் போடுவார். கறையான் திண்ட புத்தகத்தின்ரை மட்டையைக் கழட்டி, மட்டை இல்லாததுக்குத் தைக்கிறது. எனக்கு ஒரு பத்து வயசிருக்கும். உது கோணலாத் தச்சதெண்டு பேச்சும் வாங்கினனான்.” கோணலாகத்தான் இருந்தது. நான் அதைக் குறிப்பு அட்டை ஒன்றில் “முதுகுத் தையல் சீரற்றது” என்று குறித்தும் வைத்திருந்தேன்.

“அப்ப ஏன் கூட்டத்திலை சொல்லேல்லை?”

“நீங்கள் லண்டனிலை தெரு மாறினது, கடை மாறினது எண்டெல்லாம் கதைச்சியள். நீங்கள் மட்டையைத்தான் சொல்லுறியள் எண்டு எனக்கு எங்கை விளங்கினது?” சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். “நீங்கள் ஒருக்காக் கேட்டிருக்கலாமே அண்ணை. இரண்டு மாசம் கிடந்ததெல்லே, உங்கடை வீட்டுக்கும் என்ரை வீட்டுக்கும் நடுவிலை மூண்டு பஸ் தரிப்புத்தானே.”

லண்டனுக்கு எழுதினேன். யாழ்ப்பாணத்துக்கு எழுதினேன். நூற்றாண்டு பழைய பத்திரிகைகளைச் சுற்றிப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தைத் தைத்தவர் என் வீட்டுச் சமையலறையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஏதாவது இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மிச்சத் துண்டுகளை இருவருமாக வைத்து முடித்தோம். போகும்போது அவர் மிஞ்சியிருந்த ஐந்தாறு துண்டுகளை எடுத்து ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டார். “அம்மாவுக்கு. ஒண்டு துலைஞ்சாலும் மற்றது இருக்குமெல்லே.”

நாடகம் ஐந்து மணி இருபது நிமிடத்துக்குத் தொடங்கியது. நான் நான்காம் வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தேன். அவர் அன்று நடித்ததைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை, ஆனாலும் எழுதவேண்டும். ஒரு மண்டபமே அவருடைய கண் போன பக்கம் திரும்பியது. முடிவில், சேலையோடும் கொண்டையோடும் முன்னுக்கு வந்து, கையை உயர்த்திச் சனத்தை அடக்கினார். தன் பெரியப்பாவின் முழுப் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். குரல் இப்போது வீட்டுக்காரியுடையதல்ல. “இதை எழுதினவர் அவர்தான். அதைத் தேடி, தையல் துளையை எண்ணிக் கண்டுபிடிச்சவர் இஞ்சை இருக்கிற எங்கடை அண்ணை” என்று என்னைக் கையால் காட்டினார்.

மண்டபம் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. நான் அரைவாசி எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். என் பிழையைத் திருத்தியதற்குக் கைதட்டு. அது பிழை என்பதை அவர் சொல்லவில்லை. கண்டுபிடித்த பெருமையை என்னிடமிருந்து பறித்து என்னைக் குறைத்திருந்தால் அவரோடு கோபிக்க எனக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். அதையும் அவர் விடவில்லை. நான் நானூறு துண்டுகளில் வைத்த பெயரை அவர் ஒரே மூச்சில் முந்நூறு பேரின் காதில் வைத்துவிட்டார். பின்வரிசையில் யாரோ அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள், “எங்களுக்கும் படிப்பிச்சவரல்லோ” என்று.

ரயிலில் மனைவி மலரைத் திறந்து துண்டை எடுத்து வாசித்தா. ஆல்னா நிலையம் தாண்டியது.

“இப்பிழை கட்டுரையாளருடையது எண்டு ஏன் போட்டனீங்கள்? பேரை மட்டும் போட்டிருந்தாக் காணுமே. ஆர் கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை.”

அவ துண்டை அதே பக்கத்தில் வைத்து மலரை மூடினா. நீலன் நிலையத்தில் சிலர் இறங்கினார்கள். “அவர் நல்லா நடிச்சவர், என்ன?” என்றா, யன்னலைப் பார்த்தபடி.

மாசியிலிருந்து இதே கேள்வியை அவ பல விதமாகக் கேட்டிருக்கிறா. ஒவ்வொரு தடவையும் நான் வேறெதையாவது சொல்லியிருக்கிறேன், வசனம் விட்டுப்போனதென்று, காலப்பொருத்தம் இல்லையென்று.

எங்கள் நிலையத்துக்கு முந்திய குரூருட் வந்து, கதவு திறந்து, மூடியது.

“ஓம்,” என்றேன். “நல்லா நடிச்சவர்.”